பை 180 இல்லை: அலகு வட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரை 7 சென்ரிமீற்றர். மையக் கோணம் பை/3. வில்லின் நீளம் என்ன? போன சனிக்கிழமை திருத்திய பதினெட்டு விடைத்தாள்களில் ஐந்தில் விடை 420 சென்ரிமீற்றர். அதாவது நான்கு மீற்றர் இருபது. கொப்பியின் ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற வட்டத்தில், வகுப்பறைச் சுவர் நீளத்துக்கு ஒரு வில். அந்த வட்டத்தின் முழுப் பரிதியே 44 சென்ரிமீற்றர்தான். அது தெரியாதவர்களும் இல்லை. அதே தாளில் இரண்டு வரி மேலே அவர்களே கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி அறையில் உயர்தர இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கரையோர ரயில் போகும்போது என் குரல் எடுபடாது. அந்த நேரத்தில் பிள்ளைகளின் கொப்பிகளை எட்டிப் பார்ப்பேன். ஒரு காலத்தில் நான் விட்ட பிழைகள் அத்தனையும் வேறு வேறு கையெழுத்தில் அங்கே இருக்கும். அலகு எழுத மறப்பது, ஆரைச்சிறையின் சுற்றளவு கேட்டால் இரண்டு ஆரைகளையும் கூட்டாமல் விடுவது போன்றவை தரம் 10 பிழைகள். இரண்டு தடவை புள்ளி குறைந்தால் தானாகத் திருந்தும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"பை = 180" என்று எழுதுவது

420 எப்படி வந்தது என்று ஒருவனைக் கேட்டேன்.

"சேர், வில் எண்டா ஆரை தர கோணம். கோணம் பை பை மூண்டு. பை எண்டா 180, அப்ப கோணம் 60. ஏழு தர அறுபது 420."

(முதல் பை எண், இரண்டாவது பை வகுத்தல். எங்கள் வகுப்பில் அப்படித்தான் பேசுவார்கள்.)

சூத்திரம் சரி. பெருக்கலும் சரி. நடுவில் ஒரு சொல் மட்டும் விழுந்துவிட்டது: ஆரையன், அதாவது ரேடியன். "பை ஆரையன் = 180 பாகை" என்பது உண்மை. "பை = 180" என்பது பொய். ஒரு யார் நீளம் மூன்று அடி என்பதற்காக யாராவது 1 = 3 என்று எழுதுவார்களா? பை ஓர் எண், 3.1416 சொச்சம். எந்த வட்டத்தை எடுத்து அதன் பரிதியை விட்டத்தால் வகுத்தாலும் வருகிற எண். ஆரையன் என்ற அலகு பின்னால் நின்றால்தான் அது கோணம்.

இந்தப் பிழையின் வேர் எனக்குத் தெரியும். சாதாரண தரம் வரைக்கும் பை என்றால் 22/7. ஆரையும் 7, 14, 21, 3.5 என்று வெட்டுப்பட வசதியாகவே வரும். உயர்தரத்துக்கு வந்ததும் அதே எழுத்து திடீரென்று 180 ஆகிறது. பிள்ளையின் தலைக்குள் பைக்கு இரண்டு வேடம்: பரப்பளவுக் கணக்கென்றால் 22/7, கோணக் கணக்கென்றால் 180. வில்லின் நீளம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கணக்கு. அங்கே வந்துதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் பிள்ளைகள்மீது இல்லை. "பை வந்தால் 180-ஐப் போடு, கண்ணை மூடிக்கொண்டு விடை வரும்" என்று சொல்லிக்கொடுத்தவர்கள்மீது. எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொல்லித் தந்தார். அதன் கொடுமை என்னவென்றால், விடை வரத்தான் செய்யும். சைன் பை/6 கேட்டால் சைன் 30 என்று மாற்றி அரை என்று எழுதலாம். எந்தக் கால்வட்டம், நேரா மறையா, எல்லாமே சரியாக வரும். இரண்டு மாதம் பிழை பிடிபடாமலே ஓடும். வில்லின் நீளம் வருகிற நாளில் வண்டி கவிழும்.

இப்போது வகுப்புக்கு ஒரு பால்மா டின் மூடியும் தையல் நூலும் கொண்டுபோகிறேன். மூடியின் நடுவில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து விளிம்பு வரை நூலைப் பிடித்து வெட்ட வேண்டும். நூலின் நீளம் இப்போது ஆரை. அதை விளிம்பின்மேல் படுக்கவைத்து இரண்டு முனைகளையும் நடுப்புள்ளியோடு சேர்த்தால் கிடைக்கிற கோணம் 1 ஆரையன். பெயரிலேயே ஆரை இருக்கிறது. ஆரையால் வட்டத்தை அளக்கிறோம், வேறொன்றும் இல்லை. அப்புறம் அதே அளவில் இரண்டாவது நூல், மூன்றாவது நூல். மூன்று நூல் வைத்தால் அரை வட்டம் கிட்டத்தட்ட முடியும், ஆனால் ஒரு துளி குறையும். அந்த "மூன்று நூலும் ஒரு துளியும்" தான் பை. முழு வட்டத்துக்கு ஆறு நூலும், கால் நூலைவிடச் சற்றுக் கூடின ஒரு மிச்சமும் வேண்டும்: 6.283. மூடியின் ஆரையையே 1 என்று வைத்துக்கொண்டால் அதுதான் அலகு வட்டம். கோணம் எத்தனை ஆரையனோ, வில்லும் அத்தனை. 180 என்ற எண் அந்த மூடியில் எங்கேயும் இல்லை.

"பை = 180" பழகிவிட்டால் அது அந்த ஒரு கணக்கோடு நிற்பதில்லை. பாகையும் ஆரையனும் ஒரே சாமான், எழுதும் விதம்தான் வேறு என்று மனது முடிவுகட்டிவிடும். ஒருநாள் கரும்பலகையில் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் போட்டேன். இரண்டும் 80 பாகை நெடுங்கோட்டை ஒட்டியே இருக்கின்றன. அகலக்கோடு கொழும்புக்கு ஏறத்தாழ 6.93 பாகை, யாழ்ப்பாணத்துக்கு 9.66. வித்தியாசம் 2.73 பாகை. பூமியின் ஆரை 6371 கிலோமீற்றர். நேர்த் தூரம் என்ன? முன்வரிசையிலிருந்து விடை வந்தது: 17,393.

"தம்பி, நீர் இரவு பத்து மணிக்கு இங்க பஸ் ஏறினா யாழ்ப்பாணம் எத்தனை மணிக்குப் போவீர்?"

"விடிய ஆறு மணி போல, சேர்."

"எட்டு மணித்தியாலத்தில 17,000 கிலோமீற்றரா?"

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் எங்கே பிழை என்று அவனுக்கு உடனே தெரியவில்லை. பூமியின் மேற்பரப்பில் எதிரெதிர்ப் புள்ளிகள் இரண்டுக்கு இடையிலேயே 20,000 கிலோமீற்றர்தான். இவன் சொன்ன யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. 2.73 பாகையை ஆரையனாக்கினால் 0.04765. அதை 6371-ஆல் பெருக்கினால் 304 கிலோமீற்றர். பஸ் 400-ஐ ஒட்டி ஓடுவது வீதி நேர்கோட்டில் போகாததால்.

வட்டத்துண்டத்தின் (வில்லுக்கும் அதன் முனைகளைச் சேர்க்கும் நேர்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியின்) பரப்பளவில் இதே பிழை இன்னும் அசிங்கமாகத் தெரியும். சூத்திரம்: அரை தர ஆரையின் வர்க்கம் தர (கோணம் சய சைன் கோணம்). ஆரை 7, கோணம் 60 பாகை என்றால் அடைப்புக்குள் 60 − 0.866 என்று எழுதி 1449 சதுர சென்ரிமீற்றர் என்று முடிப்பார்கள். முழு வட்டமே 154. கழிப்பதற்கு முன் ஒரு கணம் நின்றால் போதும்: சைன் வெறும் எண், பாகையிலிருந்து வெறும் எண்ணைக் கழிப்பது எப்படி? ஆரையன் என்பது நீளத்தை நீளத்தால் வகுத்தது, அதனால் அதுவும் வெறும் எண். 1.047 − 0.866 = 0.181. விடை 4.44.

இயக்கவியலிலும் விடாது துரத்தும். நிமிடத்துக்கு 300 தடவை சுற்றும் விசிறி, இறக்கையின் நீளம் 0.6 மீற்றர், நுனியின் வேகம் என்ன? செக்கனுக்கு 5 சுற்று, 1800 பாகை, ஆகவே 1080 மீற்றர் என்று எழுதினாள் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. ஒலியைவிட மூன்று மடங்கு வேகமான விசிறி. சரியான விடை 18.85.

என் வகுப்பில் இப்போது ஒரு சட்டம். பக்கத்தில் அலகு இல்லாமல் "பை = 180" என்று எங்கே கண்டாலும், விடை சரியாக இருந்தாலும் இரண்டு புள்ளி வெட்டுவேன். பெற்றோர் ஒருவர் வந்து முறையிட்டும் பார்த்தார். நான் இறங்கவில்லை. காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

ஆரையன் என்றால் பை இருந்தே ஆகவேண்டும் என்று நினைப்பது

கோசைன் 2 நேரா மறையா என்று கேளுங்கள். "நேர், சேர், 2 சின்னக் கோணம்தானே" என்பார்கள். பாகைக் குறி இல்லாத கோணம் ஆரையன்தான், பை இருந்தாலும் இல்லாவிட்டாலும். கால் வட்டம் முடிவது 1.571-இல். இரண்டு நூல் வைத்தால் அதைத் தாண்டி இரண்டாம் கால்வட்டத்துக்குள் போய்விடுவீர்கள், 114.6 பாகையில். கோசைன் 2 = −0.416.

சைன் 3 இன்னும் அழகு. மூன்று நூல் வைத்தபின் அரை வட்டத்துக்கு ஒரு துளி குறைந்தது அல்லவா? அந்தத் துளி 0.1416. சைன் 3 = 0.1411. கிட்டத்தட்ட அதுவேதான், ஏனென்றால் அந்த இடத்தில் வட்டம் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கிறது. சைன் 3 பாகை என்று எடுத்தால் 0.052.

இன்னொரு விஷயம்: ரேடியன் என்ற பெயர் முதலில் அச்சேறியதே ஒரு சோதனை வினாத்தாளில்தான். 1873-இல் பெல்ஃபாஸ்டில் அந்தத் தாளைத் தயாரித்தவர் ஜேம்ஸ் தொம்சன், கெல்வின் பிரபுவின் அண்ணன். பிள்ளைகளை வதைக்கவே பிறந்த சொல் என்று என் வகுப்பில் பேச்சு.

வில்லையும் நாணையும் ஒன்றாக்குவது

தமிழில் படிக்கிறவர்கள் இந்தப் பிழை விடவே கூடாது. வில் வளைந்த மரம், நாண் அதில் கட்டிய நேரான கயிறு. படமே பெயரில் இருக்கிறது. இருந்தும் விடுகிறார்கள்: 60 பாகையில் சமபக்க முக்கோணி வரும், நாண் = ஆரை, ஆகவே 1 ஆரையன் 60 பாகை! இல்லை. 1 நீளமான அந்த நாணை வளைத்து வட்டத்தின்மேல் படுக்கவைத்தால் 60-க்குப் போய்ச் சேராது, 57.3-இல் நின்றுவிடும்.

சைனும் நாணின் பிள்ளைதான். ஆரியபட்டரின் அட்டவணையில் இருப்பது அரை நாண்கள். அவர் ஆரையை 3438 என்று எடுத்தார். ஏன் அந்த விசித்திர எண்? ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே வட்டத்தில் 21,600 கலைகள். அதை 2பையால் வகுத்துப் பாருங்கள். நாம் ஆரையால் வில்லை அளக்கிறோம், அவர் வில்லின் அலகால் ஆரையை அளந்திருக்கிறார்.

திசை

நேர்க் கோணம் இடஞ்சுழி. கோயிலில் வலம் வந்து பழகியவர்கள் நாம். காலிமுகத்திடல் சுற்றுவட்டத்தில் பஸ்ஸும் வலஞ்சுழியாகவே திரும்புகிறது. கை தன்பாட்டில் அந்தப் பக்கம்தான் போகும். −பை/3-உம் 5பை/3-உம் ஒரே புள்ளியில் வந்து நிற்கும், அது சரி. ஆனால் நடந்த தூரம் ஒன்றில்லை: முதலாவது 1.047, இரண்டாவது 5.236.

ஆரை எப்போதும் 1 இல்லை

அலகு வட்டத்தில் பழகிய கை ஆரையால் பெருக்க மறக்கும்.

கல்குலேட்டர்

நமது இணைந்த கணிதச் சோதனையில் அதற்கு இடமில்லை. லண்டன் பாடத்திட்டப் பிள்ளைகள் மட்டும் கேளுங்கள்: சைன் 30-க்கு −0.988 வந்தால் அது ஆரையனில் நிற்கிறது. 0.454 வந்தால் மூன்றாவது அலகான கிரேடியனில் நிற்கிறது. தம்பி தங்கச்சி யாரோ நோண்டியிருக்கிறார்கள்.

பாகையில் வகையிடுவது

சைன் எக்ஸ் பாகையின் பெறுதி கோசைன் எக்ஸ் பாகை இல்லை. முன்னால் பை/180 வரவேண்டும். நம்பாவிட்டால் வரைபைக் கீறிப் பாருங்கள். கிடை அச்சில் பாகை போட்டால் அந்த வளைகோடு 90 அலகு நடந்துதான் 1 அலகு ஏறுகிறது. அவ்வளவு சோம்பேறி வளைகோடு தொடக்கத்தில் படித்திறன் 1-உடன் கிளம்ப முடியாது, 0.01745-தான் வரும். ஆரையனில் போட்டால் மட்டுமே 1.

நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒரு மாதிரிச் சோதனையில் இந்தக் கேள்வி வந்தது. எனக்கு விடை தெரியும். பாகையை ஆரையனாக்கி, சங்கிலி விதி போட்டு, பை/180 தர கோசைன் என்று சரியாகவே எழுதினேன். அப்புறம் சுருக்கலாம் என்று தோன்றியது. பை என்றால் 180 தானே. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 1 என்று எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது அந்த 1-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருந்தது.