சிறிய முடி மாற்று சிகிச்சைகளுக்குக் குறியீடும் பில்லும் எழுதும் முறை

நாகர்கோவிலில் மாலை நேரங்களில் மருத்துவக் கோடிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக எழுதும் வேலையை, சொல்லிக்கொடுத்து வருகிறேன். முடி மாற்று சிகிச்சையின் ஆபரேஷன் குறிப்பு ஒன்றைக் கொடுத்தால், மாணவர்கள் உடனே அமெரிக்கச் சிகிச்சைக் குறியீடுகளின் தொகுப்பான சி.பி.டி. புத்தகத்தைத் திறந்து எண்ணைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எண்ணைத் தேடுவதற்கு முன்பு, அந்த முடி ஏன் போயிற்று என்பதை மருத்துவரின் குறிப்பில் தேட வேண்டும். காப்பீட்டிடம் பணம் கேட்டு அனுப்பும் அமெரிக்கக் க்ளெய்ம் ஆனாலும், துபாய் மருத்துவமனையின் க்ளெய்ம் ஆனாலும், நம் ஊர்க் கிளினிக்கில் கையெழுத்தாகும் ரசீது ஆனாலும், பணத்தை யார் கட்டுவது என்பதை முடிவு செய்வது அந்தக் காரணம்தான்.

பரம்பரை வழுக்கைக்காகச் செய்யப்படும் சிகிச்சை அழகுக்கானதாகக் கருதப்படுகிறது. தீக்காயம், விபத்து, கட்டி அகற்றிய இடத்துத் தழும்பு ஆகியவற்றால் முடி இழந்த இடத்தில் செய்யப்படுவது சீரமைப்பாகக் கருதப்பட வாய்ப்புண்டு. இரண்டுக்கும் சிகிச்சைக் குறியீடு ஒன்றாகவே இருக்கலாம். வேறுபாட்டைக் காட்டுவது நோய்க் குறியீடு. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரும் பரம்பரை வழுக்கை, அமெரிக்காவின் நோய்க் குறியீடுகளான ஐ.சி.டி.-10-சி.எம். தொகுப்பில் எல்64 என்ற பிரிவில் வருகிறது. மருந்தால் வந்ததென்று மருத்துவர் எழுதியிருந்தால் எல்64.0, வேறு வகையென்று குறித்திருந்தால் எல்64.8, வகை சொல்லப்படவில்லை என்றால் எல்64.9. பலர் பழக்கத்தில் எல்65.9 என்று போட்டுவிடுகிறார்கள். அது தழும்பில்லாத, வகை குறிப்பிடப்படாத முடியுதிர்வுக்கு உரியது. பரம்பரை வழுக்கை என்று தெளிவாக எழுதப்பட்ட குறிப்புக்கு அது பொருந்தாது. அழகுக்காக மட்டுமே நோயாளி வந்திருந்தால், வருகையின் காரணத்தைச் சொல்லும் இசட்41.1 என்ற குறியீட்டையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் க்ளெய்ம் தப்பிவிடும் என்று எண்ணுவது நேர்மையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. புழுவெட்டு, அதாவது எல்63, என்ற நோயறிதலோடு முடி மாற்று சிகிச்சை வந்தால், குறியீடு இடாமல் மருத்துவரிடம் ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். நோய் ஓயாத நிலையில் அந்த இடத்தில் முடி நடுவது வழக்கமல்ல என்பதால், குறிப்பில் ஏதோ விடுபட்டிருக்கலாம்.

தழும்பு என்றால் வேலை சற்றுக் கூடும். நம் மாவட்டத்தில் எளிதில் விளங்கும் ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகச் சொல்கிறேன். கருப்பட்டிக்காக அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும்போது கொதிக்கும் பாகு தலையில் தெறித்து ஆழமாக வெந்துபோன ஒருவர், ஓராண்டுக்குப் பின் அந்தத் தழும்பில் 40 கிராஃப்டுகள் (முடி வேரோடு எடுத்த தோல் துண்டுகள்) நடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இருப்பது காயமல்ல, காயத்தின் பின்விளைவு. எனவே முதலில் தற்போதைய நிலையான தழும்புக்கு எல்90.5, அதையடுத்து தலைத்தோலின் மூன்றாம் நிலைத் தீக்காயத்துக்கு உரிய டி20.35எக்ஸ்எஸ் என்று எழுத வேண்டும். கடைசியில் நிற்கும் 'எஸ்' என்ற எழுத்து பின்விளைவைக் குறிக்கிறது. வரிசையை மாற்றுவது விதிக்குப் புறம்பு; 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் முதல் சிகிச்சையைக் குறிக்கும் 'ஏ' என்று போட்டால், ஓராண்டுக்கு முந்தைய காயத்துக்கு இன்று புதிதாகச் சிகிச்சை நடப்பதாகப் பொருள்படும். அப்படிப்பட்ட க்ளெய்ம் திரும்பி வருவதில் வியப்பில்லை.

இனி சிகிச்சைக் குறியீடு. பஞ்ச் என்ற வட்ட முனைக் கருவியால் ஒவ்வொன்றாக எடுத்து நடும் கிராஃப்டுகள் 1 முதல் 15 வரை என்றால் 15775. 15-க்கு மேல் என்றால் 15776. இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே எழுத வேண்டும். 15776 என்பது முன்னதன் மேல் சேர்க்கும் கூடுதல் குறியீடு அல்ல. 40 கிராஃப்டுகளுக்கு முதல் 15-ஐ ஒன்றிலும் மீதி 25-ஐ மற்றொன்றிலும் பிரித்துப் போடுவது தவறு. அதைவிட அதிகமாக நான் திருத்தியிருக்கும் பிழை, குறியீட்டை எத்தனை முறை கணக்கிடுவது என்று கேட்கும் யூனிட் கட்டத்தில் கிராஃப்ட் எண்ணிக்கையை நிரப்புவது. 40 ஆனாலும் 400 ஆனாலும் யூனிட் 1 மட்டுமே. எண்ணிக்கை குறியீட்டின் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இந்த 15 என்ற எல்லை இன்றைய மருத்துவத்தோடு பொருந்தாததுபோல் மாணவர்களுக்குத் தோன்றுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் தம் முடி மாற்றுச் சோதனைகளை வெளியிட்ட காலத்திலும், அதன் பின் பல ஆண்டுகளிலும், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமுள்ள பஞ்சுகளே பயன்பட்டன. ஒரு துண்டில் பல முடிகள் கொத்தாக இருந்தன. இன்று முடி வேர்க் கொத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்கும் எஃப்.யூ.இ. முறையில் 1 மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவோ கொண்ட பஞ்சால் எடுக்கப்படும் ஒரு கிராஃப்டில் பெரும்பாலும் 1 முதல் 4 முடிகளே இருக்கும். ஆகவே 15775 இன்று உண்மையிலேயே சிறிய வேலைகளுக்கே பொருந்துகிறது: புருவத்தில் தையல் போட்ட இடத்து இடைவெளி, மீசைப் பகுதியில் ஒரு சிறு தழும்பு, முன்பு செய்த சிகிச்சையில் விடுபட்ட சில இடங்கள். இதிலிருந்து கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நோயாளிக்குக் கொடுத்த தாளில் '30 முடிகள்' என்று இருந்தால் அது 12 கிராஃப்டுகளாக இருக்கலாம். முடியின் எண்ணிக்கையை வைத்துக் குறியீடு போட்டால் 15775 வர வேண்டிய இடத்தில் 15776 வந்துவிடும். ஆபரேஷன் குறிப்பில் 'நடப்பட்ட கிராஃப்டுகள்' என்ற எண் தெளிவாக இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கணக்குப் போட்டு ஊகிக்காதீர்கள்.

பின்தலையிலிருந்து தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் முறைக்குப் பஞ்ச் குறியீடுகள் பொருந்தா. பட்டை முறைக்கு 15220-ஐப் பயன்படுத்தச் சொல்லி சி.பி.டி. புத்தகமே வழிகாட்டுகிறது. அது 20 சதுர சென்டிமீட்டர் வரைக்கும் உரியது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 20 சதுர சென்டிமீட்டருக்கும் 15221 சேரும். எடுத்த இடத்தை நேராகத் தைத்து மூடுவது 15220-இன் விளக்கத்துக்குள் இருப்பதால், தையலுக்குத் தனிக் குறியீடு போடக் கூடாது. அதுபோலவே அறுவை செய்யும் மருத்துவரே போடும் மரப்பு ஊசியும், பெரும்பாலும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி சிகிச்சைக்குள் அடக்கம். அதே நாளில் இந்தச் சிகிச்சையிலிருந்து தனியான, குறிப்பிடத்தக்க ஆலோசனை நடந்திருந்தால் மட்டுமே 25 என்ற மாடிஃபையருடன் (குறியீட்டோடு ஒட்டும் இரண்டெழுத்துக் குறிப்பு) ஆலோசனைக் கட்டணத்தைக் கேட்கலாம். 'இன்று நடலாமா' என்று பார்த்து முடிவு செய்தது அதில் சேராது.

மெடிகேர் சட்டப்படி அழகு அறுவைக்குப் பணம் தராது. விபத்துக் காயத்தை உடனடியாகச் சீரமைப்பதும், குறைபாடுள்ள உறுப்பின் செயல்பாட்டை மேம்படுத்துவதும் அதற்கு விலக்கு. நோயாளி மறுப்புக் கடிதம் வேண்டுமென்று கேட்டால் சட்டப்படி விலக்கப்பட்ட சேவை என்று காட்டும் ஜி.ஒய். என்ற மாடிஃபையருடன் க்ளெய்ம் அனுப்பலாம். தனியார் காப்பீடு எனில், சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். புகைப்படங்களும், விபத்து நடந்த காலத்து மருத்துவக் குறிப்பும் உடன் செல்ல வேண்டும்.

நம் ஊர்க் கிளினிக்கின் பில்லுக்கு வருவோம். இங்கே அந்தக் குறியீடுகள் தேவைப்படாவிட்டாலும், அதே கேள்வி ஜி.எஸ்.டி. வடிவில் வந்து நிற்கிறது. மருத்துவ சேவைக்கு வரி விலக்களிக்கும் 2017 ஜூன் 28-ஆம் தேதிய 12/2017 அறிவிக்கை, முடி மாற்று சிகிச்சையை அந்த விலக்கிலிருந்து பெயர் சொல்லியே வெளியே நிறுத்துகிறது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடலமைப்பை மீட்பதற்காகச் செய்தால் மட்டும் உள்ளே சேர்க்கிறது. எனவே வழுக்கைக்காகச் செய்தால், கட்டணத்தோடு மத்திய வரியும் மாநில வரியும் சேரும். அக்கானி தெறித்து வெந்தவருக்கு அதே கட்டணத்தில் வரி கிடையாது. ஆனால் காயத்தின் வரலாறு மருத்துவர் கையெழுத்துடன் கோப்பில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெறாத கிளினிக் வரி என்று எதையும் வசூலிக்கவே கூடாது. பதிவுக்கான 20 லட்சம் ரூபாய் வரம்பைக் கணக்கிடும்போது, வரி விலக்குள்ள சிகிச்சைகளின் வரவும் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

களியக்காவிளை தாண்டி வரும் நோயாளிகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கேரளத்தைச் சேர்ந்தவர் மார்த்தாண்டத்தில் சிகிச்சை பெற்றால், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்குரிய ஐ.ஜி.எஸ்.டி. வரியைப் போட வேண்டியதில்லை. ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 12(4) பிரிவு, அழகு அறுவை உள்ளிட்ட மருத்துவ சேவைக்கு அது உண்மையில் செய்யப்பட்ட இடத்தையே கணக்கில் கொள்கிறது. ஆகவே தமிழ்நாட்டின் வரிதான்.

இந்தியக் காப்பீட்டுப் பாலிசிகளில் 'எக்ஸ்கிளூஷன் 08' என்ற பொது விலக்கு அழகு அறுவையை நீக்குகிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு அது பொருந்தாது. வழுக்கைக்கு வந்தவரைத் 'தழும்பு' என்று எழுதிக் க்ளெய்ம் அனுப்பச் சொல்லும் வேண்டுகோள் சில நேரம் குடும்பத்தாரிடமிருந்தே வரும். அதை மறுத்துவிடுங்கள். பொய் வெளிப்பட்டால் பாலிசியே ரத்தாகலாம். நாளை அவர்களுக்கு உண்மையாகவே இதய சிகிச்சை தேவைப்படும்போது கைவிடப்படுவார்கள். சிகிச்சைக்கு முன்பே, வரியோடு சேர்த்து மொத்தத் தொகையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, காப்பீடு வராது என்பதையும் சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொள்வதே அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி.

அனுப்புவதற்கு முன் தேதியைப் பாருங்கள். சி.பி.டி. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்றும், ஐ.சி.டி.-10-சி.எம். அக்டோபர் 1 அன்றும் மாறுகின்றன. பொருந்துவது சிகிச்சை நடந்த நாளின் பதிப்பு. டிசம்பர் 31 அன்று நட்ட கிராஃப்டுகளுக்கு ஜனவரி 5 அன்று பில் எழுதினாலும், திறக்க வேண்டியது பழைய சி.பி.டி. புத்தகம்.