சீனாவின் தாய் சியைச் சண்டைக் கலையாகக் கற்கப் போகிறவர்களுக்கு

நல்ல வகுப்பு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வீட்டில் தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: நிற்பது. ஜான் ஜுவாங் என்பது இதன் பெயர். கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, பாதங்களை நேராக முன்னோக்கித் திருப்பி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, பெரிய பந்து ஒன்றைக் கட்டிப்பிடித்திருப்பது போலக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு அப்படியே நில்லுங்கள். முதல் வாரம் 3 நிமிடம் போதும், அப்புறம் மெல்ல மெல்ல 10 நிமிடம் வரை ஏற்றலாம். தொடை நடுங்கும், நடுங்கட்டும். கவனிக்க வேண்டியது தோளைத்தான். நமக்குத் தெரியாமலே அது காதை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் கீழே இறக்கிவிட வேண்டும். மூச்சை அடக்கவும் வேண்டாம், வலிந்து இழுக்கவும் வேண்டாம்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், தாய் சியில் அடியின் பலம் பாதத்தில் கிளம்பி, காலில் ஏறி, இடுப்பில் திரும்பி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. வழியில் ஓர் இடம் இறுகியிருந்தாலும் அது அங்கேயே நின்றுவிடும். எதிரே நிற்பவர் உங்களைத் தொட்டதுமே அந்த இறுக்கத்தைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்தே உங்களைச் சாய்த்துவிடுவார்.

அடுத்தது முழங்கால். தாய் சி கற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வலி இதுதான், பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய வலி. முழங்கால் எப்போதும் பாதம் பார்க்கும் திசையிலேயே மடங்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது, கால்விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகவும் கூடாது. உடம்பைத் திருப்பும்போது திருப்பம் இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும். வீடியோக்களில் வருகிற, தரையைத் தொடுவது போன்ற தாழ்வான நிலைகளைப் பார்த்துவிட்டு முதல் மாதத்திலேயே அப்படி இறங்கப் பார்க்காதீர்கள், அந்த ஆழத்துக்குப் பின்னால் பல வருடப் பயிற்சி இருக்கிறது. ஏற்கனவே மூட்டுப் பிரச்சினையோ இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

சரி, எந்தப் பாணி? ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்திலிருந்து வந்தது சென் பாணி. மெதுவான அசைவுகளுக்கு நடுவே திடீர் வெடிப்பும் குதிப்பும் அதில் உண்டு. அந்தக் கிராமத்தில் கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது யாங் பாணி, உலகத்தில் அதிகம் பேர் பயில்வது அதுதான். வூ, சுன் பாணிகளும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் பாணியைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் யார் நன்றாகச் சொல்லித் தருகிறார்களோ அவர்களுடைய பாணிதான் உங்கள் பாணி. ஒன்றை எடுத்தால் சில வருடமாவது அதிலேயே இருங்கள். பல இடங்களில் முதலில் கற்றுத்தருவது 24 அசைவு வரிசை. அது 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்தது. தொடங்குவதற்கு நல்லதுதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் சண்டைக் கலை கைக்கு வராது.

அதனால் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: துய் ஷோ சொல்லித் தருவீர்களா? இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, ஒருவர் சமநிலையை ஒருவர் குலைக்கப் பார்க்கும் பயிற்சி அது. பெங், லூ, ஜி, ஆன் என்ற நான்கு அடிப்படை விசைகளும், அதாவது தாங்குவது, வழிவிட்டு இழுப்பது, நெருக்குவது, தள்ளுவது எல்லாம், அங்கேதான் உடம்பில் ஏறும். தனியாக எத்தனை வருடம் வரிசை செய்தாலும் இன்னொருவர் பாரம் உங்கள் மேல் விழாமல் இது புரியாது. ஒவ்வொரு அசைவும் எதற்கு என்று கேட்டால் அவர் செய்து காட்டுகிறாரா என்று பாருங்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, அங்கே நாலைந்து வருடமாக இருக்கும் மாணவர்களின் தோளையும் முழங்காலையும் கவனியுங்கள், ஆசிரியரைப் பற்றி அவையே சொல்லிவிடும். தொடாமலே ஆளைத் தூக்கி எறிவேன் என்பவர் பக்கமே போக வேண்டாம்.

துய் ஷோவில் ஆரம்ப மாதங்களில் நீங்கள்தான் தள்ளப்படுவீர்கள், உங்களைவிடச் சின்னவர்களும் தள்ளுவார்கள். அப்போது கையை முறுக்கிக்கொண்டு பலத்தால் சமாளித்தால் அன்றைக்கு ஜெயிக்கலாம், ஆனால் எதுவும் கற்றிருக்க மாட்டீர்கள். தளர்ந்து, தள்ளப்பட்டு, எந்த இடத்தில் இறுகினோம் என்று பார்த்துவிட்டுத் திரும்ப வந்து நிற்க வேண்டும், இதற்கு மனசை இப்போதே தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். ஞாயிறன்று இரண்டு மணி நேரத்தைவிடத் தினமும் 20 நிமிடம் செய்வதே மேல். பாதி நிற்பதற்கு, மீதி எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுதாக மாற்றி மெதுவாக நடப்பதற்கு. தட்டையான, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவும் தளர்வான கால்சட்டையும் போதும், பட்டு உடைக்கும் வாளுக்கும் இப்போது செலவு வேண்டாம்.

முதல் வகுப்புக்குப் போகும் அன்று, பழைய அடி, அறுவை சிகிச்சை, பிடிப்பு எதுவாக இருந்தாலும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொண்டு நிலையை உங்களுக்கு ஏற்ப உயர்த்தித் தருகிறவராக இருந்தால் சேருங்கள், "அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று தட்டிக்கழித்தால் வேறு இடம் பாருங்கள்.