வாக்கர் கொடுக்கும் முன் ஆளை நிற்க வைத்துப் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து முதியோர் இல்லங்களுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், வாக்கர், அதாவது பிடித்து நடக்கும் நாலு கால் சட்டம், கொடுக்கும் விஷயத்தில் நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தைத்தான் இப்போதும் அடிக்கிறார்கள். தரை வழுக்கும், ராத்திரி வெளிச்சம் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

இன்னொருவர் வாக்கரை அப்படியே கொடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஒருவர் காலமானதும் அவர் வாக்கர் மூலையில் சும்மா நிற்கும், அடுத்து வருகிறவரிடம் அதையே தள்ளிவிடுவார்கள், காலில் உள்ள பித்தானை அழுத்தி உயரத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது, ஆனாலும் யாரும் குனிய மாட்டார்கள். தக்கலை பக்கம் ஓர் இல்லத்தில், நெட்டையான ஒருவரின் வாக்கர் குள்ளமான பாட்டி ஒருவரிடம் இருந்தது. தோள் இரண்டும் காதை முட்ட, கையை ஊன்ற வழியில்லாமல், வாக்கரைச் சுமந்துகொண்டு போனார். கேட்டால், "உயரமா இருந்தா கூன் விழாதுல்லா" என்றாள் அங்கிருந்த பிள்ளை. கொஞ்ச நாளில் பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மிச்சம் பிடித்தது ஒரு வாக்கரின் விலை. அறுவைச் சிகிச்சைக்கு மகன் கடன் வாங்கினார்.

தினமும் போடும் செருப்போடு நிற்க வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு ரேகை எங்கே இருக்கிறதோ அந்த உயரத்தில் கைப்பிடி. பிடித்தால் முழங்கை 15 முதல் 30 டிகிரி மடங்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், நான்கு காலிலும் பித்தான் ஒரே துளையில் இருக்கிறதா பாருங்கள். ஊன்றுகோலுக்கும் இதே அளவுதான்.

கம்பு எந்தக் கையில்?

வலது முட்டி வலித்தால் இடது கையில்.

பளபளக்கும் நாலு சக்கரம்

வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் நாலு சக்கர வாக்கர், உட்கார இருக்கையோடு பார்க்க ஜோராக இருக்கும். பிரேக் பிடிக்க மறக்கிறவருக்கும், முழு பாரத்தையும் அதன்மேல் போடுகிறவருக்கும் அது ஆபத்து. ஆளை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும். சரி, சக்கரமே வேண்டாம் என்றால், பார்க்கின்சன் (கைகால் நடுங்கி, இறுகிப்போகும் நரம்பு நோய்) உள்ளவர் வாக்கரைத் தூக்கும்போது பின்னால் சாய்ந்துவிடலாம். முன்னால் மட்டும் இரண்டு சக்கரம் உள்ளது அவர்கள் பலருக்கு ஒத்துவரும், ஆனால் பிசியோதெரபிஸ்ட் நடக்க வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

ரப்பர் புஷ்

வாக்கர் காலிலும் கம்பின் அடியிலும் மாட்டியிருப்பது. தேய்ந்தால் மாற்றுங்கள்.

குளியலறைக் கதவு

அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய வீட்டை இல்லமாக மாற்றிய இடங்களில் கதவு குறுகல், படியும் உயரம். வாக்கரை வெளியே விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு ஈரத்தரையில் இறங்குகிறார்கள்.