ஒரு கட்டுக் கீரையை உருப்படியாகச் சாப்பிடுவது எப்படி

தினமும் கீரை சாப்பிடுகிற ஆளுக்கு ரத்தசோகை வருமா? எனக்கு வந்தது. ஹீமோகுளோபின் 9.4 என்று ரிப்போர்ட் வந்த அன்று, "வாரத்துல அஞ்சு நாள் கீரை சாப்பிடுறேனே டாக்டர்" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். எப்படிச் சமைக்கிறீங்க, சாப்பிட்டதும் என்ன குடிக்கிறீங்க என்று அவர் திருப்பிக் கேட்டார். சொன்னேன்: பொடியாக நறுக்கி, அப்புறம் அலசி, குக்கரில் நாலு விசில் விட்டு, வெந்த தண்ணீரைச் சிங்க்கில் கொட்டிவிட்டுக் கடைவேன், சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. சிரித்துக்கொண்டே இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கீரைக்காரம்மா தெருவுக்குத் தெரு வருகிற ஊரில்தான் இது.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வயது வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது, ஆணுக்கு 19. (1918இல் நம்ம குன்னூரில் சின்ன ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது.) 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் நாலரை மில்லிகிராம். அதாவது ஆறில் ஒரு பங்கு, அதுவும் மொத்தமாக உடம்பில் சேராது. "முருங்கையில் பாலக்கைவிட 25 மடங்கு இரும்பு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது காய்ந்த முருங்கைப் பொடியைப் பச்சைப் பாலக்கோடு ஒப்பிட்ட கணக்கு. தண்ணீர் வற்றினால் எந்தக் கீரைக்கும் எண் ஏறத்தான் செய்யும். அதனால் அந்தப் பொடியை டப்பா டப்பாவாக வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

சரி, எந்தக் கீரை? ஒரே கீரையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, முருங்கை, பொன்னாங்கண்ணி என்று மாற்றி மாற்றிப் போங்கள். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) வேண்டுமென்றால் அகத்தியை விட்டால் ஆளில்லை, 100 கிராமில் 900 மில்லிகிராம் வரை இருக்கிறது, பசும்பாலில் 120தான். துவாதசிக்கு மட்டும் அதைத் தேடிப் போகிறோம். கசப்புதான், ஆனால் தேங்காயும் பருப்பும் தாராளமாகப் போட்டால் குழந்தைகள்கூடச் சாப்பிடுகிறார்கள். பாலக்குக்கு இருக்கிற பேர் அளவுக்கு அதில் விஷயம் இல்லை என்பது என் கட்சி. ஆக்ஸலேட் என்கிற பொருள் அதில் அதிகம், அது கீரையிலுள்ள சுண்ணாம்பைக் கட்டிப் போட்டுவிடும், உடம்புக்குக் கிடைப்பது சொற்பம். பாலக் பனீர் ருசிக்காகச் சாப்பிடுங்கள், ரத்தம் ஊறும் என்று சாப்பிடாதீர்கள். பனீரிலுள்ள கால்சியமும் இரும்பு சேர்வதை மட்டுப்படுத்தும்.

அலசுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். ஆய்ந்த கீரையை நறுக்காமல் அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அமுக்கி, இரண்டு நிமிடம் விட்டு, கீரையைக் கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரை மேலேயே உட்காரும். தண்ணீர் தெளிவாக வரும் வரை இப்படி, மழைக்காலத்தில் நாலைந்து தடவைகூட ஆகும். நறுக்குவது அதற்கு அப்புறம்தான், அதுவும் அடுப்பில் போடுகிற நேரத்தில். நறுக்கிவிட்டு அலசினால் வைட்டமின் சி, ஃபோலேட் என்கிற பி வைட்டமின் எல்லாம் தண்ணீரோடு போகும். முருங்கையை உருவ நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி: ராத்திரி கொத்தோடு ஒரு துண்டில் இறுக்கிச் சுற்றி வையுங்கள், காலையில் உதறினால் பெரும்பாலான இலைகள் தானாக உதிர்ந்துவிடும்.

சமைக்கும்போது தண்ணீர் நிறைய ஊற்றவே வேண்டாம். அலசிய ஈரமே பாதி போதும், மேலே ஒரு கை தெளித்தால் சரி. மூடாமல் வேக வையுங்கள், நிறமும் பச்சையாகவே நிற்கும். நிறத்துக்காகச் சோடா உப்பு போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், வைட்டமின்களை அது கெடுக்கும். இளங்கீரைக்கு ஐந்து நிமிடம் தாராளம், முருங்கையும் அகத்தியும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும். தண்ணீர் மிஞ்சினால் ரசத்திலோ சாம்பாரிலோ ஊற்றுங்கள். சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு: பாலக், தண்டுக்கீரை போன்றவற்றை டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், சாப்பிடலாம் என்றால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ஆக்ஸலேட்டில் ஒரு பகுதி அதோடு போகும்.

இறக்கியதும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விட மறக்காதீர்கள். கீரையிலிருக்கும் பீட்டா கரோட்டின் (உடம்பு இதைத்தான் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது) கொழுப்பு இல்லாமல் சரியாகச் சேராது. டயட் என்று சொல்லி எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிடுகிறவர்கள் பாவம், ருசியும் இல்லை, பலனும் பாதிதான்.

இப்போது முக்கியமான விஷயம். தாவர உணவிலுள்ள இரும்பு தானாக உள்ளே போகாது, கூட்டாளி வேண்டும், அந்தக் கூட்டாளி வைட்டமின் சி. புளி போட்டுக் கடைந்தால் ருசி வரும், வைட்டமின் சி வராது, புளியில் அது அநேகமாக இல்லை. எலுமிச்சை பிழியுங்கள், ஆனால் அடுப்பை அணைத்து, தட்டில் போட்ட பிறகு, ஏனென்றால் சூட்டில் அது வீணாகும். இல்லாவிட்டால் பெரிய நெல்லிக்காயைப் பச்சையாகத் தயிர் இல்லாமல் துவையல் அரையுங்கள், அதுவும் முடியாவிட்டால் சாப்பாடு முடிந்ததும் ஒரு கொய்யா. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைத் தேடி அலைய வேண்டாம்.

எதிரி யார் என்றால் காபியும் டீயும்தான். அவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள் என்பது 2024இல் வந்த தேசிய உணவு வழிகாட்டியிலேயே இருக்கிறது. இதைப் படித்ததும் முகம் சுளிப்பவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

மீதி இரும்புக்குக் கேழ்வரகு, கம்பு, எள், பயறு. பயறை ஊற வைத்து முளைகட்டினால் இரும்பைத் தடுக்கிற ஃபைட்டேட் குறையும், கம்பங்கூழைப் புளிக்க வைப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டு எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலிருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குழப்பிவிடும், டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரே சீராகச் சாப்பிடுங்கள். சுத்த சைவம் என்றால், அதுவும் பால்கூடச் சேர்ப்பதில்லை என்றால், வைட்டமின் பி12 எந்தக் கீரையிலும் கிடைக்காது, அதற்கு மாத்திரைதான்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எனக்கு 11.8. மாத்திரையால் எவ்வளவு, கீரையால் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை, இரண்டையுமே விடவில்லை. காபி மட்டும் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டது.