ஓப்பல் பொறுக்கப் போகிறீர்களா? பந்தலூர்க்காரர் ஒருவரின் யோசனைகள்

ஆடி மழை பிடித்துக்கொண்டால் நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் பந்தலூரில் துணி காயாது. ஓப்பல் என்ற ரத்தினக்கல்லைத் தேடிப் போக அதுதான் சரியான காலம். தென் ஆஸ்திரேலியாவின் ஓப்பல் சுரங்க ஊரான கூபர் பெடியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரி 6, 7 வரை இறங்கும். நம் ஆட்களுக்கு அது ஒரு குளிரா? ஒரு ஸ்வெட்டர் போதும். பிள்ளைகளுக்கு லீவு என்று டிசம்பர், ஜனவரியில் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்த ஊர்க்காரர்களில் பலர் பாறையைக் குடைந்து நிலத்துக்கடியில் குடியிருப்பதே அதனால்தான். ஆண்டு முழுக்க அங்கே பெய்கிற மழை சுமார் 140 மில்லிமீட்டர். நம் தேவாலாவில் ஒரே நாளில் அதைவிட அதிகமாகக் கொட்டியிருக்கிறது.

நான் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் அடிலெய்டில் இருப்பதால் எங்களுக்கு இந்தப் பயணம் வாய்த்தது. திரும்பி வந்ததும் மைத்துனன் கேட்ட முதல் கேள்வி, “மச்சான், ஒரு கிலோ தேறுமா?” தேறாது. செலவுக் காசு திரும்பி வரும் என்ற கணக்கோடு போவதாக இருந்தால், அந்தப் பணத்தைத் தபால் ஆபீஸில் போட்டுவிடுங்கள்.

தோண்டப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், போகிறவர் செய்வது பொறுக்குவதுதான். இயந்திரம் வைத்துத் தோண்ட அரசு அனுமதி வேண்டும், நிலத்தை அளந்து முளையடித்துப் பதிவு செய்ய வேண்டும், அது தொழில். சுரங்கக்காரர்கள் வெளியே கொட்டிய மண்மேட்டைக் கிளறிப் பார்ப்பதற்கு அங்கே ‘நூட்லிங்’ என்று பேர். அதற்கென்றே ஊருக்குள் ‘ஜுவல்லர்ஸ் ஷாப்’ ரோட்டோரம் ஒரு பொது இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். மற்ற மேடுகள் யாரோ ஒருவர் பதிந்த நிலத்தில் இருக்கும். உரியவரைக் கேட்காமல் கை வைத்தால் திருட்டுதான்.

பொது இடம் போதும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் குழி. 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தேடிக் குடைந்துவிட்டுப் போன குழிகள் தேவாலா, பந்தலூர் பக்கம் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. உள்ளே போய் உயிரை விட்டவர்களும் உண்டு. கூபர் பெடியில் 1915-இல் 14 வயதுப் பையன் ஒருவன் கண்ணில் ஓப்பல் பட்டதிலிருந்து தோண்டுகிறார்கள். குழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. மேலே ஒரு மீட்டர் அகலம்தான், ஆழம் 20, 30 மீட்டர் கூட இருக்கும், வேலியும் மூடியும் கிடையாது. ‘ஓடாதே, பின்னால் நடக்காதே’ என்று போர்டு வைத்திருப்பது விளையாட்டுக்கு அல்ல. போட்டோ எடுக்கிறவர்கள்தான் ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்வார்கள். இருட்டிய பிறகு அந்தப் பக்கமே வேண்டாம்.

போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து அடிலெய்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடு அடைபடும் என்பதால் முதல் நாளே மலையிறங்கிவிடுங்கள். பூட்ஸை பிரஷ் போட்டுக் கழுவி, காயவைத்து எடுத்துப் போங்கள். அடிப்பாகத்தில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தால் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விடமாட்டார்கள். ஊட்டி வர்க்கி, மசாலா, தேயிலை எது இருந்தாலும் அவர்கள் தரும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு. காரில் போவதானால் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் கிளெண்டாம்போ என்ற ஊரில் டேங்கை நிரப்பிவிட வேண்டும், அடுத்த 250 கிலோமீட்டருக்கு பங்க் இல்லை. தண்ணீரும் கூடுதலாக வையுங்கள். மாலையில் கங்காரு குறுக்கே பாயும். பந்திப்பூர் ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடுகிற மாதிரி அங்கே யாரும் கேட் போடமாட்டார்கள், பொழுது சாயும்போது நாமாகவே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சரி, பொறுக்கும் வேலைக்கு வருவோம். சின்னக் களைக்கொத்து, ஒரு சல்லடை, கையுறை, முட்டிக்குக் கீழே போட ஒரு பழைய சாக்கு, தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில். இவ்வளவுதான் சாமான். முகத்துக்கு ஈ வலை கட்டாயம். அட்டைப்பூச்சி இல்லாத ஊர் என்று சந்தோஷப்பட்டால் ஈ பழி தீர்த்துவிடும். காலை வெயில் சாய்வாக இருக்கும்போது, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி உட்காருங்கள். மண் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாவுக்கல். அதில் கண்ணாடிச் சில் போல எது பளிச்சிட்டாலும் எடுத்து தண்ணீர் அடித்துத் திருப்பிப் பாருங்கள். என் வீட்டுக்காரிக்குக் கிடைத்தது சுண்டுவிரல் நகம் அளவு. காய்ந்திருந்தபோது சோடா பாட்டில் துண்டென்றுதான் நினைத்தோம். நனைத்ததும் ஓரத்தில் நூலிழை அகலத்துக்குப் பச்சை ஓடியது. சாய்த்ததும் அதே இடம் ஆரஞ்சாகி, இன்னும் சாய்த்ததும் அணைந்துபோனது.

எங்களுக்குக் கிடைத்த மற்றதெல்லாம் நிறம் மின்னாத சாதா ஓப்பல், அங்கே அதற்கு ‘பாட்ச்’ என்று பேர். ஓப்பல் என்பது சிலிக்காவும் தண்ணீரும்தான். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில் ஒழுங்காக அடுக்கியிருந்தால் வெளிச்சம் சிதறி நிறம் காட்டும், தாறுமாறாகக் கிடந்தால் வெறும் பால் வெள்ளை அல்லது சாம்பல். பாட்ச் அகப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். நிறக்கல்லும் அதே மண்ணோடுதான் வெளியே வந்திருக்கும்.

ஆசைக்குக் கடையில் ஒரு கல் வாங்குவதானால் பக்கவாட்டில் பாருங்கள். நேர்கோடாக ஒரு ஒட்டு தெரிந்தால், மெல்லிய ஓப்பலைக் கறுப்புக் கல்லில் ஒட்டியது அது. மேலே கண்ணாடி மாதிரி ஒன்று மூடியிருந்தால் மூன்றடுக்கு. இரண்டும் விற்கத் தகுந்தவைதான், ஆனால் முழுக்கல் விலை கொடுக்காதீர்கள், தண்ணீரில் ஊறவும் விடாதீர்கள். ஓப்பலாக மாறிய சிப்பி, எலும்பு கிடைத்தால் அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், நாட்டைவிட்டு வெளியே எடுக்கத் தனி அனுமதி தேவைப்படலாம். வாங்கிய கல்லின் பில்லைக் கைப்பையில் வையுங்கள். கோயம்புத்தூரில் இறங்கும்போது கேட்டால் பெட்டியைக் கிளற வேண்டியிருக்காது.