ஆற்றோர ஹோட்டலில் அலுவலகக் கூட்டம்: ஏற்பாடு செய்பவர் கவனத்துக்கு

"இந்த வருஷ வட்டாரக் கூட்டத்தை ஆற்றங்கரைப் பக்கம் வைக்கலாமே" என்று மேலதிகாரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் எல்லாம் நம் தலையில்தான். நான் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். சென்னை, ஜகார்த்தா, ஹோ சி மின் நகரம் என்று நாலா பக்கமிருந்தும் வரும் எண்பது பேரை உட்காரவைத்து, சாப்பிடவைத்து, பத்திரமாகத் திருப்பி அனுப்புவது வருஷா வருஷம் என் பொறுப்பு. புதிதாக இந்த வேலை வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹோட்டல் அனுப்பும் படத்தில் ஆறு பளபளக்கும். உங்கள் ஆட்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை உட்காரப்போகும் பால்ரூம் என்ற பெரிய மண்டபத்தில் பெரும்பாலும் ஜன்னலே இருக்காது. ஆகவே ஹோட்டலை மண்டபத்துக்காகத் தேர்ந்தெடுங்கள். ஆறு தேநீர் இடைவேளைக்கும் சாயங்காலத்துக்கும் போதும். அறை எடுக்கும்போதும் அப்படித்தான்: ஆறு தெரியும் அறைக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், உங்கள் விருந்தினரோ இருட்டிய பிறகுதான் அறைக்குத் திரும்புவார். பெரிய அதிகாரிகள் நாலு பேருக்கு அதை வாங்குங்கள், மற்றவர்களுக்கு நகரம் பார்த்த அறை போதும்.

சிங்கப்பூர் ஆறு மொத்தமே மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் இடத்துக்கு இடம் குணம் மாறும். முகத்துவாரத்தில் ஃபுல்லர்ட்டன். 1928-இல் தலைமை அஞ்சலகமாகத் திறந்த கட்டடம், 2001-இல் ஹோட்டலானது. வங்கிக்காரர்களையும் வாடிக்கையாளர்களையும் அழைக்கும் கூட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாம். ராஃபிள்ஸ் பிளேஸ் பெருவிரைவு ரயில் நிலையம் நடந்துபோகும் தூரம். (நம் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட்டும் அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான். சென்னையிலிருந்து வருபவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள்.) விலை மட்டும் உங்கள் நிதிப் பிரிவுக்கு வியர்வை வரவழைக்கும்.

கொஞ்சம் மேலே போனால் கிளார்க் கீ என்ற பழைய படகுத்துறைப் பகுதி. பாரடாக்ஸ் மெர்ச்சன்ட் கோர்ட் ஹோட்டலின் பக்கத்திலேயே ரயில் நிலையம். சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கூடங்களின் சத்தம் லேசில் அடங்காது. கூட்டம் வெள்ளிக்கிழமை முடிகிறதென்றால், தூக்கம் முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு ஆற்றைப் பார்க்காத அறையாகக் கேட்டு வாங்குங்கள். ராபர்ட்சன் கீ அமைதியான பகுதி. அங்குள்ள இன்டர்காண்டினென்டல் முப்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்குக் கச்சிதம். எங்களைப் போல எண்பது, நூறு பேர் என்றால் ஹேவ்லாக் சாலையின் கிராண்ட் காப்தோர்ன் வாட்டர்ஃபிரண்டையும் பட்டியலில் வையுங்கள். மாநாட்டு ஹோட்டல் என்றே பெயர் எடுத்தது. அந்தப் பக்கம் ரயில் இல்லை என்பது ஒரு காலத்தில் பெரிய குறை. 2022 நவம்பரில் ஹேவ்லாக் நிலையம் திறந்ததோடு அது தீர்ந்தது.

தேதியை முடிவு செய்யும் முன் ஃபார்முலா ஒன் எப்போது என்று பாருங்கள். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். அந்த வாரம் அறை விலை தாறுமாறாக ஏறும், முகத்துவாரப் பக்கம் சாலைகளையும் மூடிவிடுவார்கள். இரட்டைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் விமானக் கண்காட்சி, பல ஆண்டுகளில் அதையொட்டியே சீனப் புத்தாண்டு. அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

இனி மண்டபம். தயவுசெய்து நேரில் போய்ப் பாருங்கள். "நூற்றைம்பது பேர் கொள்ளும்" என்று அட்டையில் போட்டிருந்தால், அது மேசையில்லாமல், மேடையில்லாமல், நாற்காலிகளை நெருக்கிப் போட்ட கணக்கு. மடிக்கணினி வைக்க மேசை வேண்டுமென்றால் ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் என்று நான் கணக்குப் போடுவேன். மேடைக்கும், பின்னால் ஒலி ஒளிக்காரர் மேசைக்கும் அதற்குமேல் இடம் வேண்டும். கடைசி வரிசை எங்கே வருமோ அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். திரையின் அடிப்பகுதி முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே தெரிகிறதா? நடுவில் தூண் மறைக்கிறதா? ஹோட்டலின் விற்பனைப் பிரிவுப் பெண் நின்றுகொண்டேதான் பேசுவார், நீங்கள் உட்கார்ந்தே பேசுங்கள்.

அடுத்தது நடுச்சுவர். பெரிய பால்ரூமை இரண்டாக, மூன்றாகப் பிரிக்கத் தண்டவாளத்தில் ஓடும் மடக்குச் சுவர் இருக்கும். ஒருவரை அந்தப் பக்கம் நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லுங்கள், பிறகு சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். பேச்சில் வார்த்தை பிடிபடுகிறதென்றால் அந்தச் சுவர் காகிதம்தான். ஒரு வருஷம் எங்கள் நிதி அறிக்கை ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் மாலைக் கல்யாண விருந்துக்குக் கரோக்கே ஒத்திகை. விற்பனைக் கணக்குக்குக் காதல் பாட்டுப் பின்னணி. எந்த ஹோட்டல் என்பது வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதுதான். அன்றிலிருந்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: எங்கள் கூட்ட நேரத்தில் பக்கத்துப் பகுதியில் இசை ஒத்திகை, ஒலிச் சோதனை கூடாது. முகம் கோணுவார்கள், ஆனால் எழுதித் தருவார்கள்.

குளிரையும் அப்போதே பேசிவிடுங்கள். சிங்கப்பூர் ஹோட்டல் மண்டபத்துக் குளிரில் பத்து மணிக்கே எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். வெப்பநிலையை யார் மாற்றுவார், அவரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே மண்டபம் உங்கள் கைக்கு வருமா என்பதும் முக்கியம். காலை ஏழரைக்குத்தான் திறப்போம் என்றால் ஒலிவாங்கியைச் சோதிக்க நேரம் இருக்காது.

விலைக்கு வருவோம். நாள் கட்டணம் ஆளுக்கு 110 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு குறிதான் ஆளை விழுங்கும். முதலாவது பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி, அதுவும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல். 110 வெள்ளி 131.89 ஆகிவிடும். எண்பது பேர், இரண்டு நாள் என்றால் 17,600 என்று நினைத்தது 21,102.40. முதலாளியிடம் எப்போதும் இந்த இரண்டாவது எண்ணையே சொல்லுங்கள்.

பேரம் பேச வேண்டிய இடம் விலை மட்டுமல்ல. ஐம்பது அறை பிடித்துவைத்து, கடைசியில் நாற்பத்து மூன்று பேர் வந்தால் மீதி ஏழுக்கு யார் கட்டுவது? எத்தனை விழுக்காடு குறைத்துக்கொள்ளலாம், எந்தத் தேதி வரை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நான் இருபதில் ஆரம்பித்துப் பதினைந்தில் நிற்பேன். விலையில் ஐந்து வெள்ளி குறைப்பதைவிட இது பெரிய லாபம். விற்பனைப் பிரிவும் இதைக் கொஞ்சம் எளிதாகவே விட்டுக்கொடுக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சோயாவில் செய்த போலி மீனும் வரும். "இந்தியச் சைவம், முட்டை கூடாது" என்று எழுதுங்கள். சமணர்கள் இருந்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு கூடாது என்று தனியாக. முஸ்லிம் நண்பர்களுக்கு, அந்தப் பந்திச் சமையலறைக்கு முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹோட்டலின் காபிக் கடைக்கு மட்டும் இருந்தால் போதாது. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலிருந்து தோசை வரவழைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவது அபூர்வம், அதனால் தோசைப் பிரியர்களைக் கூட்டம் முடிந்த பிறகு அனுப்பிவையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புவது என் வழக்கம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா வேண்டும், அழைப்புக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். குடிநுழைவுக்கான வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. இங்கே மின் இணைப்பு மூன்று சதுரக் கால் பிளக். மின்சிகரெட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வர வேண்டாம், இங்கே அதற்குத் தடை. இன்னொன்று ஆற்றங்கரைக்கே உரியது. விருந்து முடிந்ததும் நாலு பேர் பீர் டப்பாவோடு கிளார்க் கீ பக்கத்து ரீட் பாலத்தில் போய் உட்காரலாம் என்று கிளம்புவார்கள். இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிப்பது குற்றம். முதல் நாள் காலை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது ஆற்றைப் பயன்படுத்தும் நேரம். பழைய சரக்குப் படகு வடிவிலேயே சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. ஒரு சுற்று சுமார் 40 நிமிடம். முழுப் படகாகவும் வாடகைக்குத் தருவார்கள். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபிறகு இந்த ஆறு கடலேற்ற இறக்கம் இல்லாத நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. அதனால் சாயங்காலம் எந்த நேரத்துக்கும் பிடிக்கலாம். ஏழு மணி நல்ல நேரம், வெயில் தாழ்ந்து விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். இடி மின்னல் இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், பணம் திரும்புமா, தேதி மாற்றலாமா என்று முன்பே கேளுங்கள். படகு வேண்டாம் என்றால் கெவனா பாலம் வரை நடத்திக் கூட்டிப்போங்கள். மாடும் குதிரையும் பாலத்தில் ஏறக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே நிற்கிறது. எங்கள் ஜகார்த்தா அலுவலகம் மொத்தமும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது.

கடைசி நாள் பில். மொத்தப் பில் வரட்டும் என்று காத்திருக்காமல் ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய கணக்கை வாங்கிக் கையெழுத்திடுங்கள். கூடுதலாக வந்த காபி, நீட்டித்த அரை மணி நேரம், யாரோ கேட்டு வாங்கிய இரண்டாவது திரை எல்லாம் அன்றே தெரியும், கேட்டவர் யார் என்பதும் நினைவிருக்கும். அறையில் குடித்தது, துணி துவைத்தது நிறுவனக் கணக்கில் சேராது என்று வரவேற்பில் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆட்கள் விமானம் ஏறிய பிறகு அந்தக் காசை வசூலிப்பது ஆகாத காரியம்.