ஆக்சைடு பட்டியலை வாசிக்கும் முறை

எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வுப் பட்டியல், ஒரு மாதிரியிலுள்ள தனிமங்களை ஆக்சைடுகளாக, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்த சேர்மங்களாக, எழுதித் தருவது. அது கைக்கு வந்ததும் அதிலுள்ள பெயர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நம்பினேன். மாதிரி, தூய கயோலின் களிமண். பட்டியலில் சிலிகா (சிலிக்கான் ஆக்சைடு) 46.5 சதவீதம், அலுமினா (அலுமினிய ஆக்சைடு) 39.5 சதவீதம். அலுமினா படிகமானால் குருந்தம் (கொரண்டம் என்ற உலகப் பெயர் நம் சொல்லிலிருந்து போனதுதான்), எஃகையே தேய்த்துவிடும். விரலில் மாவாய் வழுக்கும் மண்ணில் அது ஐந்தில் இரண்டு பங்கா என்று அரை நாள் குழம்பினேன்.

கருவி எண்ணியது அலுமினியத்தை மட்டும். ஆக்சிஜனைப் பெரும்பாலும் அது அளப்பதே இல்லை. கணக்கில் நாம் சேர்த்துக்கொள்கிறோம். புவியோட்டின் எடையில் ஏறக்குறைய 46 சதவீதம் ஆக்சிஜன் என்பதால், பாறைக்கும் மண்ணுக்கும் இந்த வழக்கம் பொருந்துகிறது. களிமண்ணில் தனியாக அலுமினா கிடையாது. அலுமினியமும் சிலிக்கானும் ஒரே படிகத்துக்குள் இருக்கின்றன.

தனிமத்தின் அளவு வேண்டுமென்றால் அணு எடையை எடுங்கள். அலுமினாவில் அலுமினியம் இரண்டு, 53.96, ஆக்சிஜன் மூன்று, 48.00. 53.96-ஐ 101.96-ஆல் வகுத்தால் 0.529. நம் களிமண்ணில் 39.5 × 0.529, அதாவது 20.9 சதவீதம் அலுமினியம். அந்த 'இரண்டை' மறந்து பாதி விடையோடு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். சிலிகாவில் சிலிக்கானுக்கு 0.467, சுண்ணாம்பில் (கால்சியம் ஆக்சைடு) கால்சியத்துக்கு 0.715.

அடுத்து, கூட்டிப் பாருங்கள். 46.5-உம் 39.5-உம் சேர்ந்து 86. மீதி 14 எங்கே? நான் தராசைச் சந்தேகித்தேன். அது படிகத்துக்குள் கட்டுண்ட நீர்; ஈரத்தைப் போல 105 டிகிரியில் உலர்த்தினால் போகாது, சுட்டால்தான் போகும். ஆகவே 1000 டிகிரி அளவில் சுட்டு எடைக் குறைவைக் குறித்த 'எரிப்பு இழப்பு' வரியை முதலில் தேடுங்கள். தூய சுண்ணாம்புக் கல்லில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் போய்விடும். அந்த வரியே இல்லாமல் கூட்டுத்தொகை கச்சிதமாக 100.00 என்று நின்றால், யாரோ சரிக்கட்டியிருக்கிறார்கள். கேளுங்கள்.

இரும்பில் கவனம் தேவை. வழக்கமான பட்டியல் எல்லா இரும்பையும் ஃபெரிக் ஆக்சைடாகவே (Fe₂O₃) எழுதும். உண்மையில் அது ஆக்சிஜன் குறைந்த ஃபெரஸ் ஆக்சைடு (FeO) என்றால் 0.900-ஆல் பெருக்குங்கள். உலைக் கசடு போன்றவற்றில் ஃபெரஸ் இரும்பு சுடும்போது ஆக்சிஜனை இழுத்து எடை கூடும். எரிப்பு இழப்பு மைனஸில் வந்தால் பதற வேண்டாம்.

கண்ணாடியில் படிகமே இல்லை. அங்கே ஆக்சைடு வெறும் கணக்குதான். போர்ட்லேண்ட் சிமென்டில் சுண்ணாம்பு 60 முதல் 67 வரை இருக்கும். பெரும்பகுதி சிலிகாவோடு பிணைந்தது. பிணையாமல் மிஞ்சி, பின்னாளில் நீர் பட்டு வீங்கி விரிசல் விடும் தனிச் சுண்ணாம்பை இந்தப் பட்டியல் காட்டாது. அதற்கான சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.